கும்பகோணம் – பெங்களூர்: 50 நிமிஷம் வானத்தில், மீதி 6 மணி 40 நிமிஷம் தரையில்

வேலை பெங்களூரில், வீடு கும்பகோணத்தில். ஐந்து வருஷமாகத் திருச்சி வழியாக விமானத்தில் போய் வருகிறேன். "ஒரு மணி நேரம்தானே, மாசாமாசம் வரலாமே" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு வாயால் சொல்லி அலுத்துவிட்டது.

இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்க்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர். சாலையில் ஊருக்கு ஊர் 340 பக்கம் வரும். நான் போகும் ஏடிஆர் 72 என்ற சின்ன விசிறி விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். கணக்குப் போட்டால் 35 நிமிஷம். ஆனால் சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொடும்வரை நான் பார்த்தது 50 நிமிஷம். ரொம்ப நாள் கழித்துத்தான் ஒரு காரணம் பிடிபட்டது: இரண்டு ஊரிலும் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, போக வேண்டியதோ வடக்கே. ஆடிக் காற்றில் மேற்குப் பார்த்துக் கிளம்பும். வாடை வீசும் மாதங்களில், நான் காரில் வந்த தஞ்சாவூர்ப் பக்கமே ஏறி அப்புறம் வளையும். இறங்குமிடத்திலும் இன்னொரு வளைவு. தரையில் ஊர்வதையும் சேர்த்து டிக்கெட்டில் ஒரு மணி பத்து நிமிஷம் போட்டிருப்பார்கள், அது நியாயம்தான்.

றெக்கை மேலே இருப்பதால் ஜன்னல் காட்சிக்குக் குறையில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவாகக் கிடப்பதை ஆடியில் பார்க்க வேண்டும். சித்திரையில் வெறும் மணல்.

சரி, தரைக்கணக்குக்கு வருவோம். கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் 95 கி.மீ. போல. தஞ்சாவூர், துவாக்குடி, டி.வி.எஸ். டோல்கேட் நெரிசல் எல்லாம் சேர்த்து இரண்டரை மணி. "இந்த நேரத்துக்கு நீங்க பெங்களூர் போய்ட்டுத் திரும்பியே வந்துடலாம் சார்" என்பார் வழக்கமாக வரும் கார்க்காரர். அங்கே ஒன்றரை மணி முன்னால் போய்ச் சேர வேண்டும். 2024 ஜூனில் புதிய முனையத்துக்கு மாறிய பிறகு இடம் தாராளம், நடையும் தாராளம். ஏடிஆருக்கு மட்டும் அதே பழைய கதை: கீழே இறங்கிப் போய்ப் பின்பக்கப் படியில் ஏற வேண்டும். பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் பெட்டி வர இருபது நிமிஷம், வாயு வஜ்ரா பஸ்ஸில் சில்க் போர்டு பக்கம் போக இரண்டு மணி. ஆக மொத்தம் ஏழரை. மைசூர் எக்ஸ்பிரஸில் கும்பகோணத்தில் சாயங்காலம் ஏறிப் படுத்தால் விடிவதற்குள் பெங்களூர். அதில் தூக்கமும் சேர்த்தி.

மார்கழியில் பெங்களூர் காலைப் பனிமூட்டத்தால் ஒரு தடவை திருச்சியிலேயே மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். கவுண்டரில் கேட்டால் "இன்னும் அரை மணி" என்ற ஒரே பதில், நான்கு முறை. அதிலிருந்து திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு விமானத்தை நம்புவதில்லை. ரயிலில் இடம் கிடைக்காதபோதும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று போன் வந்தாலும்தான் விமானம்.

மூட்டை விஷயம்: பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7. எண்ணெய் மிதக்கும் ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள். கொப்பரைத் தேங்காய் பெட்டியிலும் கூடாது, தீப்பிடிக்கும் பொருளாம். அம்மா துணியில் சுற்றி அடியில் வைத்திருந்ததை ஸ்கேனரில் கண்டுபிடித்து எடுக்கச் சொன்னார்கள். பக்கத்திலேயே இருந்த இரண்டு கவுளி வெற்றிலையை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.