நகாசெண்டோ நடைப்பயணத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"நகாசெண்டோ சாமுராய் பாதை: இரண்டு நாள் நடை, பழைய சத்திரத்தில் இரவு" என்ற விளம்பரத்தை நம்பி, ஜப்பானின் அந்தப் பழைய நெடுஞ்சாலையில் நடக்க, டோக்கியோவில் ஒரு பயண நிறுவனத்திடம் தலைக்கு 42,000 யென் கட்டினேன். அப்பாவுக்கு 66 வயது. இந்த நடைக்காகவே மூன்று மாதம் தினமும் விடியற்காலையில் நடந்து பழகிவிட்டு ஊரிலிருந்து வந்திருந்தார்.

வேனில் கொண்டுபோய் அந்தச் சாலையில் உள்ள பழைய சத்திர ஊரான மகோமேயில் இறக்கினார்கள். கல் பாவிய ஏற்றத்தில் முக்கால் மணி நேரம் கடை பார்த்தோம், நீர்ச்சக்கரத்தருகே படம் எடுத்தோம். "எப்போது நடக்கிறோம்?" என்று கேட்டதற்கு, "பாதையில் கரடி வரும், அடுத்த சத்திர ஊரான சுமாகோவுக்கு வேனிலேயே போய்விடலாம்" என்றார் வழிகாட்டி. கரடி உண்டுதான். அதை அடித்து விரட்டத்தானே வழிநெடுக மணி கட்டி வைத்திருக்கிறார்கள்! எங்கள் கண்ணெதிரே ஒரு வயதான ஜப்பானியத் தம்பதி பையை மாட்டிக்கொண்டு ஏறிப்போனார்கள். அப்பா அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரவு நகாட்சுகாவா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண ஓட்டல். சத்திரம் எங்கே என்றால், "இதுவும் அந்தக் காலத்துச் சத்திர ஊர்தான்" என்கிறார்கள். அதில் பொய் இல்லை. எடோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, கியோட்டோ வரை சுமார் 530 கிலோமீட்டர் போன அந்தச் சாலையில் 69 தங்கல் ஊர்கள், நகாட்சுகாவா 45ஆவது. பழைய சாலையில் பெரும்பகுதி இன்று தார்ச்சாலை, தெரு. எங்கே இறக்கிவிட்டாலும் நகாசெண்டோ என்று சொல்லிக்கொள்ளலாம்.

அதனால் எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர் காலால் நடக்கிறோம், எந்த ஊரில் எந்த விடுதி என்று எழுத்தில் வாங்குங்கள். "சாமுராய்" என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். 1635 முதல் சாமுராய் பிரபுக்கள் முறைவைத்து எடோவுக்குப் போய்வர வேண்டியிருந்தது சரி. ஆனால் வணிகர்களும் யாத்திரிகர்களும் நடந்த சாலைதான் அது.

மறுநாள் குழுவை விட்டுவிட்டு, நகாட்சுகாவாவிலிருந்து பேருந்தில் மகோமே போய் நாங்களே நடந்தோம். சுமாகோவுக்கு சுமார் 8 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் போதும். மகோமேயிலிருந்து கிளம்பினால் கணவாய் வரை ஏற்றம், அப்புறம் பெரும்பாலும் இறக்கம். நடுவில் பழைய தேநீர்க் குடிலில் ஒரு பெரியவர் காசு வாங்காமல் தேநீர் கொடுத்தார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பதில் இல்லை.