வீட்டுக்கே வந்து செராமிக் கோட்டிங் போடுகிறவர்கள்: காரைக்குடிப் பக்கத்து ஆட்கள் கவனம்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். "வீட்டு வாசலிலேயே செராமிக் கோட்டிங், 5 வருட வாரண்டி" என்று ஒரு வேனில் ஆட்கள் சுற்றுகிறார்கள். செராமிக் கோட்டிங் என்பது கார் பெயின்ட் மேல் பூசி இறுகவிடுகிற காப்புப் பூச்சு. என்னிடம் 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர்கள் பூசிவிட்டுப் போனது செராமிக் கோட்டிங்கே இல்லை. அதோடு போயிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம், பானட் ஓரத்தில் கம்பெனி பெயின்டையும் தேய்த்து எடுத்துவிட்டார்கள், பணம் போனதைவிட அதுதான் இன்னும் ஆறவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் செய்கிற வேலையைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

கார் கருநீலம், வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அடர் நிறக் கார் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், நம் ஊர் செம்மண் புழுதியில் அது என்ன பாடுபடும் என்று. புழுதி போதாதென்று வேப்பமரப் பிசுக்கு, காக்காய் எச்சம். மதுரையிலோ திருச்சியிலோ கொண்டுபோய்ப் போட்டால் இரண்டு மூன்று நாள் காரை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும், அப்பாவை அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருப்பதால் அது தோதுப்படவில்லை. வீட்டுக்கு வந்து செய்கிறோம் என்றார்கள், சரி என்றேன், ஆனால் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுத்தான் சொன்னேன். கழுவிய பிறகு க்ளே பார் (பெயின்டில் ஒட்டிய துகளை இழுத்தெடுக்கிற களிமண் மாதிரிக் கட்டி) தேய்ப்பீர்களா, பாலிஷ் எந்த மெஷினில், கோட்டிங் பாட்டில் சீலோடு வருமா என்று வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். "எல்லாம் பண்ணுவோம்ணே", "டிஏ மெஷின்தாண்ணே" (பெயின்டைச் சூடேற்றாத பாலிஷ் மெஷின்), "உங்க முன்னாடிதான்ணே பாட்டிலைப் பிரிப்போம்" என்று பதில் வந்தது. அதெல்லாம் அப்படியே என் போனில் இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பின்வாசல் தெருவில் ஓடு போட்ட கொட்டகை ஒன்று உண்டு, நிழல், கரண்ட், தண்ணீர் எல்லாம் அங்கேயே. காரை உள்ளே நிறுத்தி, வேலையை இங்கேயே செய்யுங்கள், பாட்டிலைப் பிரிக்கும்போது போன் போடுங்கள், ஓடி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். அதற்கப்புறம் நடந்தது அம்மா சொன்னது. "நீ அங்கிட்டுப் போனதும் காரை வெயில்ல கொண்டாந்து நிறுத்திட்டாங்க தம்பி, உள்ள இருட்டா இருக்காம். ஒரே வாளித் தண்ணிதான், அதுலயே துணியை முக்கி முக்கித் தொடச்சாங்க." மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வேலை முடிந்துவிட்டது என்று எனக்குப் போன். நான் போய்ச் சேர்வதற்குள் மீதிப் பணத்தையும் அம்மாவிடம் கேட்டு வாங்கியாகிவிட்டது. பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள், இன்றுவரை வரவில்லை.

கார் என்னவோ கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரு பையன் சொம்பில் தண்ணீர் மொண்டு பானட்டில் ஊற்றி, அது முத்து முத்தாக உருண்டு ஓடுவதைக் காட்டி "பாருங்கண்ணே" என்றான். எனக்கு அங்கேயே திக்கென்றது. உண்மையான செராமிக் கோட்டிங் பூசிய பிறகு குறைந்தது 24 மணி நேரம் தண்ணீரே படக்கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பு போடக்கூடாது, அது இறுகி முடிக்க அவ்வளவு நேரம் எடுக்கும். பூசிய அடுத்த நிமிடமே தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறவன் பூசியது வேறு ஏதோ. கேட்டதற்கு "இது புது லிக்விட்ணே, சீக்கிரம் காஞ்சிரும்" என்றார்கள். பாட்டில் எங்கே என்றால் காலி அட்டைப்பெட்டியைக் காட்டினார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சாட்சி கொட்டகை மூலையில் கிடந்தது. அவர்கள் பூசிய துணியைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட இந்தத் திரவம் காற்றில் இருக்கிற ஈரத்தோடு சேர்ந்து இறுகுகிற சாமான். அதனால்தான் 30 மில்லி, 50 மில்லி என்று சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் சீல் வைத்து வருகிறது, பூசிய துணியும் காய்ந்தால் விறைத்து மொரமொர என்று ஆகிவிடும், அதை மறுபடி பயன்படுத்தினால் பெயின்டையே கீறும். மறுநாள் நான் எடுத்துப் பார்த்த துணி வெண்ணெய் தொட்ட துணிபோல மெத்தென்று பிசுபிசுப்பாக இருந்தது. அது வாசனை போட்ட ஸ்ப்ரே வேக்ஸ், அவ்வளவுதான். துணியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு மாதத்துக்குள் ஷாம்பு போட்டுக் கழுவக் கழுவ அந்த முத்து உருளுவது நின்றுபோனது. போன் செய்தால் "உங்க ஊர் போர் தண்ணி உப்புண்ணே, அதுதான் காரணம்" என்று பதில். நல்ல கோட்டிங் மேலும் உப்புப் படிந்தாலோ தூசி அடைத்தாலோ தண்ணீர் உருளாதுதான், அது நிஜம், அதனால் அவசரப்பட்டு யாரையும் குற்றம் சொல்லக்கூடாது என்று மதுரையில் ஒரு டீட்டெய்லிங் கடைக்கு, அதாவது காரைச் சுத்தம் செய்து பாலிஷ், கோட்டிங் போடுகிற கடைக்கு, கொண்டுபோனேன். கடைக்காரர் உப்புக்கறையை நீக்கி, சுத்தமாகக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி தண்ணீர் விட்டுப் பார்த்தார். தகடு தகடாக அப்படியே நின்றது. மேலே ஒன்றுமே இல்லை.

அப்புறம் டார்ச் அடித்துக் காட்டினார் பாருங்கள், அதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. கதவு முழுக்கச் சிலந்திவலை போலச் சுழல் கீறல், செம்மண் ஒட்டியிருந்த துணியால் தேய்த்ததால் வந்தது. பானட்டில் கம்பளிப் பேடு வைத்த ரோட்டரி மெஷினின் அலையலையான தடம். டிஏ மெஷின் என்று சொல்லியிருந்தார்கள், அது சுற்றவும் செய்யும் அசையவும் செய்யும், ஒரே இடத்தில் சூடேற்றாது. ரோட்டரி ஒரே பக்கமாகச் சுற்றுவது, கை தேர்ந்தவர் பிடித்தால் நல்ல மெஷின்தான், தெரியாதவன் பிடித்தால் ஓரங்களில் சூடேறி க்ளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேலே இருக்கிற நிறமில்லாத காப்புப் படலம், போய்விடும். வெயிலில் ஏற்கெனவே கொதிக்கிற பானட்டில் ஓட்டினால் கேட்கவா வேண்டும். க்ளியர் கோட் என்பதே ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான், காரின் ஆயுசுக்கும் அதுதான் இருப்பு. பெயின்ட் கனம் பார்க்கிற கருவியை வைத்துக் காட்டினார், பானட் நடுவில் ஒரு அளவு, ஓரத்தில் வெகுவாகக் குறைந்த அளவு. அதை மறுபடி பெயின்ட் அடிக்காமல் சரிசெய்ய வழியில்லை.

நிஜமான வேலை எப்படி நடக்கும் என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். இதில் திரவம் பூசுவது கடைசிச் சின்ன வேலை. முதலில் துணியே படாமல் பிரஷர் தண்ணீரில் புழுதியை அடித்துப் போக்கி, பிறகுதான் ஷாம்பு, அதுவும் இரண்டு வாளி வைத்து, ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் கையுறையை அலச வெறும் தண்ணீர். பிறகு அயர்ன் ரிமூவர், பிரேக் தூசியில் வந்து ஒட்டிய இரும்புத் துகள் இருந்தால் ஊதா நிறத்தில் வழியும். தார் நீக்கி, க்ளே பார். பிறகு டிஏ மெஷினில் பாலிஷ், அதற்கப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைப்பது. இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு விலைகொண்ட திரவமும் பிடிக்காது. நம் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவர்களை யோசித்துப் பாருங்கள், சுண்ணாம்புச் சாந்தை அடுக்கடுக்காகப் பூசி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த கடைசி அடுக்கைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துத்தானே அந்தப் பளபளப்பு வந்தது, அடிப்பூச்சு இல்லாமல் வெள்ளைக்கருவை மட்டும் தடவி யாராவது சுவர் எழுப்பியிருப்பார்களா? ஒரு காருக்கு இந்தத் தயாரிப்பு வேலைக்கே ஒரு முழு நாளாவது போய்விடும். ஆகவே காலையில் வந்து மதியத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள்.

பூசுவதும் நிழலில், பெயின்ட் குளிர்ந்திருக்கும்போது, இரண்டடிக்கு இரண்டடி என்று சின்னச் சின்ன இடமாக, குறுக்கும் நெடுக்குமாகப் பூசி, அதில் வானவில் மாதிரி நிறம் எழும்போது துடைக்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் அந்த நேரம் சட்டென்று வந்துவிடும், தாமதித்தால் கருந்திட்டாக இறுகிப் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். பாட்டில் வாங்கி வீட்டில் தாங்களே போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், நிதானமும் நிழலும் இருந்தால் முடியாத வேலை இல்லை என்றுதான் அவரும் சொன்னார்.

இவர்கள் சொல்லி விற்கிற இன்னொரு பொய்யும் உண்டு. "வைரம் 10, நம்ம கோட்டிங் 9ஹெச், கீறலே விழாதுண்ணே." 9ஹெச் என்பது பென்சில் வைத்துக் கீறிப் பார்க்கிற சோதனையின் தரம், 9ஹெச் பென்சிலுக்கும் தாங்குகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். வைரம் 10 என்பது கனிமங்களுக்கான மோஸ் அளவு, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. நம் செம்மண்ணில் கலந்திருக்கிற மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், மோஸ் அளவில் 7. கோட்டிங் போட்ட காரையும் புழுதியோடு துடைத்தால் கீறும். கல் தெறித்தால் பெயின்ட் பெயரும், அதைத் தாங்குவதற்கு பிபிஎஃப் என்கிற தடித்த ஃபிலிம் தனியாக இருக்கிறது. செராமிக்கின் பலன் அழுக்கு சுலபமாகப் போவது, எச்சத்துக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் தாக்குப்பிடிப்பது, மினுமினுப்பு. அதுவே நல்ல பலன்தான், அதற்குப் பணம் கொடுக்கலாம், பொய்க்குக் கொடுக்க வேண்டாம்.

வாரண்டி அட்டையையும் திருப்பிப் பாருங்கள். எனக்குக் கொடுத்ததில் பாட்டிலின் பேட்ச் எண் இல்லை, கார் எண் இல்லை, முத்திரை இல்லை. பின்பக்கம் பொடி எழுத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமே காசு கொடுத்து சர்வீஸ் செய்யாவிட்டால் வாரண்டி கிடையாது என்று இருக்கிறது, பேசும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, முதலில் அங்கே பதிவு செய்தேன். அடுத்தது சிவகங்கையில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே ஆஜராகலாம், சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், அட்வான்ஸ் அனுப்பிய யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வாரண்டி அட்டை, டார்ச் அடித்து எடுத்த படங்கள், இன்னொரு கடையில் எழுதி வாங்கிய அறிக்கை எல்லாமே சாட்சிதான். நான் இவை எல்லாவற்றையும் வைத்து மனு தயார் செய்துவிட்டேன், பானட்டை மறுபடி பெயின்ட் அடிக்க ஆகும் செலவையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

போன வாரம் அந்த வேன் புதுவயல் பக்கம் நின்றதாக நண்பர் ஒருவர் சொன்னார், வேனில் எழுதியிருக்கிற பெயர் மாறியிருக்கிறதாம், ஆட்கள் அதே ஆட்கள். ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தால் வேலை நடக்கிற நேரம் முழுக்க விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே நில்லுங்கள், சீல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், பூசிய துணியை வாங்கி வைத்துக்கொண்டு அது விறைக்கிறதா என்று மறுநாள் பார்த்தபிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். வயதானவர்கள் மட்டும் வீட்டில் இருக்கும் நாளில் இவர்களை வரச்சொல்லாதீர்கள்.