18,500 ரூபாய் கட்டிப் போட்ட பல் கேப் கத்திரிக்காய்க் குழம்பில் கழன்று வந்த கதை: பல் கிளினிக் போகிறவர்கள் படியுங்கள்

சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் அந்தக் கிளினிக்கிலிருந்து வந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. வேலூரில் கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த ஒரு தனியார் பல் கிளினிக், அவ்வளவுதான் சொல்வேன். பெயரைப் போட்டால் நம் மேலேயே கேஸ் போடுவார்கள் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார்.

ஆனி மாதம், இடது கீழ்க் கடவாய்ப்பல்லில் ராத்திரி தூங்கவிடாத வலி. சொத்தை நரம்பு வரை போய்விட்டது, வெறுமனே அடைத்தால் நிற்காது, வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கிற ரூட் கேனல் செய்து, பல்லுக்கு மேலே கேப் என்கிற உறை போட வேண்டும் என்றார் டாக்டர். அதில் தப்பில்லை. எனக்குத்தான் யோசனை. பிடுங்கிவிடலாமே, என் மாமியார் அப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"குடியாத்தம் டாக்டர்."

"அட, எங்க அம்மாவும் அந்தப் பக்கம்தான். எங்க அம்மாவுக்கே இந்தப் பல்லுன்னா சிர்கோனியா கேப்தான் போடுவேன். உள்ளே மெட்டலே கிடையாது, முழுக்க வெள்ளை. பத்து வருஷம் வாரன்டி."

அந்த 'எங்க அம்மா'வில்தான் விழுந்தேன். நான் ஆரணி என்று சொல்லியிருந்தால் அவர் அம்மாவும் ஆரணியில் பிறந்திருப்பார்.

ரூட் கேனலுக்கு 6,000, கேப்புக்கு 12,000, எக்ஸ்ரேவுக்கு 500. மொத்தம் 18,500 ரூபாய். சீட்டு எடுத்த பணம். முழுசும் கட்டினால்தான் லேபுக்கு ஆர்டர் போகும் என்றார்கள், கட்டினேன். பில் கேட்டதற்கு ரிசப்ஷனில் இருந்த பெண் அப்பாயின்ட்மென்ட் கார்டின் பின்பக்கம் '18,500 பெய்டு' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தாள். வாரன்டி கார்டு லேபிலிருந்து வரும் என்றாள். இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு. இலவம்பாடிக் காய், வெண்ணெய் மாதிரி வெந்திருந்தது. வாயில் ஏதோ கல் தட்டியது. துப்பிப் பார்த்தால் கேப்! எலும்பைக் கடித்திருந்தாலாவது மனசு ஆறும். கழுவித் திருப்பிப் பார்த்தேன். வெளியே பல் நிறம், உள்ளே பழைய எவர்சில்வர் டம்ளர் மாதிரி சாம்பல் மினுமினுப்பு. மெட்டலே கிடையாது என்றாரே, அந்த மெட்டல்தான்.

திங்கட்கிழமை போன் செய்தால், டாக்டர் கேம்ப் போயிருக்கிறார். செவ்வாய்க்கிழமை, வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புங்கள். அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. ராத்திரி, எங்கள் சேவைக்கு ஐந்து ஸ்டார் கொடுங்கள் என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. புதன்கிழமை நேரில் போனேன். லேபில் மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது, இதையே ஒட்டித் தருகிறோம், 500 ரூபாய் ஆகும் என்றார்கள். 18,500 வாங்கியவர்கள் இன்னும் 500 கேட்கிறார்கள்!

நேற்று வேறொரு டாக்டரிடம் காட்டினேன். எக்ஸ்ரே எடுத்து, திரையில் பேனா முனையை வைத்துக் காட்டினார். இந்தப் பல்லின் வேருக்குள் பெரும்பாலும் மூன்று கால்வாய் இருக்குமாம், சில பேருக்கு நான்குகூட. சுத்தம் செய்து அடைத்தது வெள்ளைக் கோடாகத் தெரியும். எனக்கு இரண்டே கோடு. மூன்றாவதைத் தொடவே இல்லை, அந்த வேரின் நுனியில் கருப்பாக ஒரு நிழல். கேப், மெட்டல் மேல் பீங்கான் வைத்த வகை. அது மோசமான கேப் இல்லை, நிறையப் பேருக்குப் போடுவதுதான், ஆனால் அதற்கு 12,000 இல்லை என்றார். ரூட் கேனலை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டுமாம்.

அந்த எக்ஸ்ரேயோடுதான் இன்றைக்குப் பழைய டாக்டரிடமே போனேன். "அது வெளியிலேர்ந்து வந்த ஸ்பெஷலிஸ்ட் பண்ணது மேடம், அவர் இப்ப வர்றதில்லை." பெயர் கேட்டால் சொல்லவில்லை. பணம் கட்டும் வரை அம்மா, இப்போது மேடம். "வெளியே பேஷன்ட் வெயிட் பண்றாங்க மேடம்" என்று கதவைத் திறந்தே விட்டுவிட்டார்.

பத்து விஷயம் எழுதத்தான் உட்கார்ந்தேன், வலியில் ஓடவில்லை. முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள். எந்தப் பல், எந்த வகை கேப் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஒட்டுவதற்கு முன்னால் கேப்பை வாங்கித் திருப்பி உள்பக்கம் பாருங்கள். ரூட் கேனல் முடிந்ததும் எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள். யார் செய்கிறார், அவர் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன என்றும் கேளுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும்.

தம்பி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்கிறான், இரண்டு வருஷம் டைம் இருக்கிறதாம். 18,500 ரூபாய்க்கு என்னிடம் இருக்கும் ஆதாரம் அந்தக் கார்டின் பின்பக்கமும், குங்குமச் சிமிழில் போட்டு வைத்திருக்கும் கேப்பும்தான். காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் ரூட் கேனலை மறுபடி ஒழுங்காகச் செய்கிற டாக்டர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். இந்தத் தடவை தவணையில்தான் கட்ட முடியும்.