சுவர்ல டிவெக் போர்ட் இருக்குன்னு காசு கட்டிடாதீங்க (சுற்றாடல் டிப்ளோமா படிச்ச கதை)

ஏஎல் முடிச்சிட்டு கெம்பஸ் கிடைக்காம அடுத்தது என்ன செய்றதுன்னு இருக்கிற பிள்ளைகளும் அவங்கட அம்மா அப்பாவும் கொஞ்சம் பொறுமையா இதை வாசிங்க. நீளமாத்தான் இருக்கும், சுருக்கிச் சொல்ல எனக்கு வராது. (டிவெக்னா தொழிற்கல்வி இன்ஸ்டிடியூட்டுகளைப் பதியிற கவர்மென்ட் ஆணைக்குழு.) இன்ஸ்டிடியூட் பேர் போட மாட்டேன், கேஸ் கீஸ்னு வந்தா அப்பாவால அலைய ஏலாது. கொழும்புக்குள்ள மெயின் ரோட்டுல, கடைக்கு மேல மூணாவது மாடின்னு மட்டும் வைங்க. அப்படி எத்தினையோ இருக்கு, நான் சொல்றது அதுல எதுக்கும் பொருந்தலாம்.

நான் பயோ செஞ்சேன். ரெண்டு சி ஒரு எஸ். இசட் ஸ்கோர் பாத்த உடனே தெரிஞ்சிட்டு கெம்பஸ் இல்லன்னு. அப்பா பழைய சோனகத் தெருவில ஒரு ஹாட்வெயார் கடையில கணக்கு எழுதுறார், வெளிநாட்டுக்கு அனுப்புற கதையெல்லாம் எங்க வீட்டுல எடுபடாது. அந்த நேரம்தான் ஃபேஸ்புக்ல விளம்பரம், "சுற்றாடல் பாதுகாப்புத் தொழில்நுட்ப டிப்ளோமா, 18 மாதம், வார இறுதி வகுப்பு, வேலைவாய்ப்பு உத்தரவாதம்". பச்சை இலை படம், வெள்ளை கோட் போட்ட பிள்ளைகள். எனக்கு உண்மையிலயே இந்த விஷயத்துல விருப்பம், அதனால அம்மாவக் கூட்டிட்டு அடுத்த நாளே போனேன்.

ஏசி ரூம், நெஸ்கஃபே, கவுன்சிலர் மிஸ் ரொம்ப அன்பாக் கதைச்சாங்க. 2017 சித்திரை வருஷப்பிறப்பு அண்டைக்கு மீதொட்டமுல்ல குப்பை மலை சரிஞ்சு முப்பது பேருக்கு மேல செத்தாங்களே அன்ட்டி, 2021ல எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சு கரையெல்லாம் பிளாஸ்டிக் உருண்டை ஒதுங்கிச்சே, இனி இந்த நாட்டுக்கு சுற்றாடல் டெக்னீஷியன்தான் வேணும், கழிவுத் தண்ணியை வெளியில விடுற ஃபெக்டரி எல்லாம் ஈபிஎல்னு சுற்றாடல் பாதுகாப்பு லைசன்ஸ் எடுத்தே ஆகணும், அதுக்கு உங்கட மகள் மாதிரி ஆக்கள் தேவைன்னாங்க. இதுல ஒண்டும் பொய் இல்ல. இண்டைக்கும் இதுல ஒரு வரியும் என்னால மறுக்க ஏலாது.

அம்மாதான் கேட்டாங்க, "இது கவர்மென்ட் ஒத்துக்கொண்ட கோர்ஸா மிஸ்?" அவங்க வாயத் திறக்கவே இல்ல, சிரிச்சிட்டு சுவர்ல ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த டிவெக் ரெஜிஸ்ட்ரேஷன் சேர்டிபிகேட்டைக் கையால காட்டினாங்க. பிறகுதான் "என்விகியூ லெவல் 5க்கு ஈக்குவல் அன்ட்டி"ன்னாங்க. என்விகியூன்னா கவர்மென்ட்ட தேசிய தொழில் தகைமை. இந்த "ஈக்குவல்" ங்கிற சொல்லை மறக்காதீங்க.

கோர்ஸ் ஃபீஸ் 1,95,000 ரூபா. அண்டைக்கே 15,000 கட்டினா டிஸ்கவுண்ட், நாளைக்கு இல்லன்னாங்க. (ரெண்டு கிழமைக்குப் பிறகு வந்து சேர்ந்த பிள்ளைக்கும் அதே டிஸ்கவுண்ட் அதே வசனம்.) அம்மா சீட்டு எடுத்துத்தான் கட்டினாங்க, அந்த சீட்டை இன்னும் கட்டி முடியல்ல.

சேர்ந்த மூணாவது கிழமை லெப் காட்டினாங்க. ஒரு மேசை, ரெண்டு பீக்கர், ஒரு பிஎச் மீட்டர், மூலையில ஒரு ஃபிரிட்ஜ், அதுதான் பிஓடி இன்கியூபேட்டராம் (டெஸ்டுக்குத் தண்ணி சாம்பிளை ஒரே சூட்டுல வைக்கிற பெட்டி), உள்ள சேர்மாரோட லஞ்ச் பார்சலும் யோகட்டும்தான் இருந்திச்சு. பிஎச் மீட்டர்ட எலக்ட்ரோட் லாச்சிக்குள்ள அப்படியே காஞ்சு போய்க் கிடந்திச்சு, அடியில இருக்கிற கண்ணாடிக் குமிழ்ல வெள்ளையா உப்புப் பிடிச்சு. அதைப் பொட்டாசியம் குளோரைட் கரைசல்ல நனைச்சு வைக்கணும்ங்கிறதே எனக்கு இப்பதான் தெரியும். எங்க பெச்ல ஒரு பொடியன் பகிடிக்கு தேசிக்காய்ப் புளியில விட்டுப் பாத்தான், 6.9 காட்டிச்சு. பைப் தண்ணிக்கும் 6.9. தேசிக்காய்ப் புளின்னா ரெண்டு ரெண்டரைக்கு வரணும். எல்லாரும் சிரிச்சோம். அண்டைக்கே காசைக் கேட்டிருக்கணும்.

நோட்ஸ் கதை இன்னும் மோசம். எங்கயோ டவுன்லோட் பண்ணின இந்திய நோட்ஸ், முழுக்க "சுற்றுச்சூழல்". எங்கட ஸ்கூல் புத்தகத்துல எங்கயாவது சுற்றுச்சூழல்னு பாத்திருக்கீங்களா, இங்க எல்லாம் சுற்றாடல்தானே. சட்டம்னு வந்தா 1986ஆம் ஆண்டு சட்டம், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அது அந்த நாட்டுச் சட்டம், அந்த நாட்டு வாரியம். எங்கட சட்டம் 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம், அதுக்குக் கீழதான் 1981ல மத்திய சுற்றாடல் அதிகாரசபை வந்திச்சு, பத்தரமுல்லயில இருக்கு, பஸ்ல போனாக் கண்ணுல படும். எக்ஸாம்ல நான் 1986ன்னு எழுதி முழு மார்க்ஸ் எடுத்தேன். படிப்பிச்ச சேர் மேல எனக்குக் கோவம் இல்ல, அவரும் எங்கயோ படிச்சிட்டு மணித்தியாலக் கணக்குக்கு வந்து போற சின்னப் பொடியன்தான், ரெண்டு மாசம் சம்பளம் வரல்லன்னு எங்ககிட்டயே சொல்லிட்டு நிண்டுட்டார்.

ஃபீல்ட் விசிட்னு ஒரே ஒரு நாள் பேர வாவிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, சனிக்கிழமை. போன உடனே எல்லாருக்கும் வெள்ளை கோட்டும் கிளவ்ஸும் குடுத்தாங்க, அதுவரைக்கும் நாங்க அதைக் கண்டதே இல்ல. கெமராக்காரர் ஒருத்தர் வேற வந்திருந்தார். தண்ணி பச்சைப் பாசி மாதிரி, நாத்தம். சாம்பிள் எடுக்கப் போத்தல் இல்ல, நாங்க குடிச்சு முடிச்ச தண்ணி போத்தல்லதான் எடுத்தோம். நல்லா வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிங்கன்னு கெமராக்காரர் சொன்னார், பிடிச்சேன். திரும்பி வரேக்க கோட்டை வாங்கி மடிச்சு வச்சிட்டாங்க. அடுத்த நாள் ஞாயிறு க்ளாஸ்ல சேர் போர்ட்ல ரிசல்ட் எழுதினார், டிஓ (தண்ணியில கரைஞ்சிருக்கிற ஒக்சிஜன்) 4.2, பிஓடி 28. நாங்களும் ரிப்போர்ட்ல எழுதிக்கிட்டோம். பிஓடின்னா சாம்பிளை 20 டிகிரியில அஞ்சு நாள் வச்சுத்தான் ஒக்சிஜன் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாக்கிறது. சனி எடுத்த தண்ணிக்கு ஞாயிறு ரிசல்ட் எப்படி வரும்? பதினாறு பேர் இருந்தோம், ஒருத்தர் கேக்கல்ல.

கடைசியில எக்ஸாம் ஃபீஸ்னு 30,000, கொன்வொகேஷன் உடுப்புக்கும் ஹோட்டலுக்கும் 18,500. இதெல்லாம் 1,95,000க்குள்ள இல்லையாம். "வேலைவாய்ப்பு உத்தரவாதம்"னா ஒரு வட்ஸ்அப் குரூப், அதுல எல்லாருக்கும் தெரிஞ்ச ஜொப் சைட் லிங்க்கை ஃபோர்வர்ட் பண்ணுவாங்க.

நானா தேடி பியகம பக்கம் ஒரு ஃபெக்டரியில கழிவுநீர் சுத்திகரிப்புப் பகுதிக்கு டெக்னீஷியன் வேலைக்குப் போட்டேன், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்க. கொட்டாஞ்சேனையில இருந்து விடியக் காலையில வெளிக்கிட்டு ரெண்டு பஸ் மாறிப் போனேன். ரூம்ல ரெண்டு கேள்வி கேட்டுட்டு, ப்ளான்ட் பாக்கிற சேர் என்னை நேரா டேங்க் கிட்டக் கூட்டிட்டுப் போய்ட்டார். வயசான மனுசர், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் கதைப்பார். காத்து ஊதுற ஏரேஷன் டேங்க்ல தண்ணி கபில நிறத்துல கொதிக்கிற மாதிரி கிளம்புது. ஒரு லீட்டர் மெஷரிங் சிலிண்டரை என் கையில தந்து "மகள், எஸ்வி தேர்ட்டி எடுங்க"ன்னார்.

எனக்கு அது என்னன்னே தெரியாது. சிலிண்டரைப் பிடிச்சிட்டு நிண்டேன்.

அவரே எடுத்துக் காட்டினார். டேங்க்ல இருந்து ஒரு லீட்டர் அள்ளி, ஆட்டாம அசைக்காம அரை மணித்தியாலம் விடுறது, கீழ படியிற சேறு எத்தினை மில்லிலீட்டர்னு பாக்கிறது. கொஞ்ச நேரத்துல மேல தெளிஞ்ச தண்ணி, கீழ சேறு மெதுவா இறங்குது, பாக்க அவ்வளவு வடிவு. 320ல நிண்டிச்சு. எம்எல்எஸ்எஸ் (ஒரு லீட்டர்ல எத்தினை மில்லிகிராம் சேறுங்கிறது) 3200, அப்ப எஸ்விஐ (ஒரு கிராம் சேறு படிஞ்சா எத்தினை மில்லிலீட்டர் இடம் பிடிக்கும்ங்கிறது) எவ்வளவுன்னு கேட்டார். 320ஐ ஆயிரத்தால பெருக்கி 3200ஆல பிரிச்சா 100, நல்ல சேறுன்னு அவரே சொல்லிட்டார். எந்தச் சட்டத்துக்குக் கீழ எங்களுக்கு லைசன்ஸ் தாறாங்கன்னு கேட்டார், நான் நல்லாப் படிச்ச பிள்ளை மாதிரி 1986ன்னேன். ஆத்துக்கு விடேக்க பிஓடி எவ்வளவுக்குக் கீழ இருக்கணும்னு கேட்டார், அது லீட்டருக்கு 30 மில்லிகிராம், அது மட்டும் சரியாச் சொன்னேன். மனுசர் என்ட சேர்டிபிகேட்டை வாங்கி முன்னால பின்னால பாத்துட்டு, "மகள் இதுல என்விகியூ எங்க?"ன்னார். லெவல் 5க்கு ஈக்குவல் சேர்னு சொல்லேக்கயே எனக்குத் தொண்டை அடைச்சிட்டு. அவர் ஏசல்ல. நாரஹேன்பிட்டிக்குப் போய்க் கேட்டுப் பாருங்கன்னு மட்டும் சொன்னார்.

போனேன். எல்விட்டிகல மாவத்தையில நிபுணதா பியசன்னு பில்டிங், அங்கதான் டிவெக், அதாவது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. கவுண்டர்ல இருந்தவங்க கம்பியூட்டர்ல பாத்துட்டு "நங்கி, ஆயதனெ ரெஜிஸ்டர். கோஸ் எக நே"ன்னாங்க. இன்ஸ்டிடியூட் பதிஞ்சிருக்கு, இந்த கோர்ஸ் இல்ல. பதிஞ்சிருந்தது இங்கிலிஷ் கோர்ஸும் கம்பியூட்டர் கோர்ஸும் மட்டும்தான். சுவர்ல தொங்கிற ஃபிரேம் உண்மையானதுதான், ஆனா அதுக்கும் நான் படிச்சதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

எனக்கு விளங்கின அளவுல சொல்றேன். இன்ஸ்டிடியூட்டைப் பதியிறது வேற, ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனியா அக்ரெடிடேஷன் (அங்கீகாரம்) எடுக்கிறது வேற. அந்த அக்ரெடிடேஷன் இருந்தாத்தான் என்விகியூ சேர்டிபிகேட் வரும், அது டிவெக் பேர்லதான் வரும். "ஈக்குவல்", "சமமான", "தரத்திலான"ன்னு எழுதியிருந்தா அது என்விகியூ இல்ல, அவ்வளவுதான். அதனால ஃபிரேமைப் பாக்காதீங்க, நீங்க சேரப் போற கோர்ஸ்ட பேர் போட்ட அக்ரெடிடேஷன் லெட்டரைக் காட்டச் சொல்லுங்க, திகதி முடிஞ்சிட்டான்னும் பாருங்க. டிவெக் சைட்டுலயும் தேடலாம், இல்லன்னா என்னை மாதிரி நேரா போங்க, ஒரு சதம் செலவில்ல, பஸ் காசு மட்டும்தான். லெப்பைக் காசு கட்ட முதல் பாருங்க. தேசிக்காய் ஒண்டு கொண்டு போனாலும் பிழையில்ல.

காசு திருப்பிக் கேக்கப் போனேன், அப்பாவும் வந்தார். மெனேஜர் ரிசீட்டைத் திருப்பிப் பிடிச்சு பின்னால பொடி எழுத்துல எந்தக் காரணத்துக்கும் ஃபீஸ் திருப்பித் தர மாட்டோம்னு இங்கிலிஷ்ல இருந்ததைக் காட்டினார். "அங்கிள், நாங்க ஈக்குவல்னுதானே சொன்னோம், என்விகியூன்னு சொல்லல்லையே"ன்னார். அப்பா ஒண்டும் கதைக்கல்ல, கடையில கணக்குப் பிழைச்சா பாக்கிற மாதிரி அந்த ரிசீட்டையே பாத்துட்டு இருந்தார். பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, 1977ங்கிற நம்பருக்கு கோல் எடுத்தேன். எழுத்துல முறைப்பாடு குடுக்கணும், ஆனா பொருளோ சேவையோ வாங்கி மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும், 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்துல அப்படித்தான் இருக்கு. எனக்கு அது எப்பவோ தாண்டிட்டு. நீங்க இப்ப எங்கயாவது சேர்ந்து ரெண்டு கிழமை ஒரு மாசம்தான் ஆகுதுன்னா, பிழைன்னு பட்டா, அந்த மூணு மாசம் போக முதல் எழுதிக் குடுங்க, பாத்துட்டு இருக்காதீங்க. டிவெக்குக்கும் நான் கடிதம் குடுத்திருக்கேன், பதில் வந்தா இங்கயே போடுறேன்.

சுற்றாடல் படிக்கவே வேணாம்னு நான் சொல்ல வரல்ல. அந்த சிலிண்டர்ல சேறு இறங்கினதைப் பாத்த பிறகு எனக்கு ஆசை கூடித்தான் இருக்கு. மருதானை டெக்னிக்கல் கொலேஜ், ரத்மலானையில யூனிவோடெக் (தொழிற்கல்விப் பல்கலைக்கழகம்), நாவலயில திறந்த பல்கலைக்கழகம், கவர்மென்ட் இடங்களை முதல் கேட்டுப் பாருங்க, நாங்க ஏசியையும் நெஸ்கஃபேயையும் பாத்துட்டு அங்கெல்லாம் எட்டியும் பாக்கல்ல.

இதை ஏன் இப்ப எழுதுறேன்னா, போன கிழமை அதே இன்ஸ்டிடியூட் புது விளம்பரம் போட்டிருக்கு. இந்த முறை "கார்பன் முகாமைத்துவ டிப்ளோமா", ஃபீஸ் 2,40,000. கீழ படத்துல பேர வாவிக் கரையில வெள்ளை கோட் போட்டு, தண்ணி போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிச்சிட்டு சிரிக்கிற பிள்ளை நான்தான்.