புறப்படும்போது ஒரு எஞ்சின் நின்றால்: ஏ320-ம் 737-ம்

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் விமானம் ஓடுபாதைக்குத் திரும்பும்போது ஜன்னலோரம் இருந்த பாளையங்கோட்டை அத்தை, “ஏல, இதுல ஒண்ணு நின்னுபோச்சுன்னா என்னல பண்ணுவாவ?” என்று புரொப்பல்லரைக் காட்டிக் கேட்டார். நாங்கள் இருந்தது ஏடிஆர் 72. அதில் புறப்படும்போது ஒரு எஞ்சின் நின்றால், மற்ற எஞ்சினின் சக்தி தானாகவே 90 சதவீதத்திலிருந்து 100-க்கு ஏறும். சுமார் இரண்டு நொடியில், நின்ற புரொப்பல்லரின் அலகுகள் காற்றைத் தடுக்காதபடி திரும்பிக்கொள்ளும். வழி காட்டும் கணினிக்கு இதில் வேலையே இல்லை. இதற்கென்றே தனி அமைப்பு இருக்கிறது.

அங்கே 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை இப்போது 3,115 மீட்டர். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 மாதிரி ஜெட்களுக்கும் இடம் உண்டு. அத்தையின் கேள்வியை அவற்றிடம் கேட்டால், பதில் ஆளுக்கொன்றாக வருகிறது.

வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வி-1 வேகத்தைத் தாண்டிவிட்டால் நிறுத்த முயலக்கூடாது, மேலே போயே ஆகவேண்டும். ஒற்றை எஞ்சினில் பாதுகாப்பாக ஏறுவதற்கான வேகம் வி-2. அது 140 நாட் (விமான வேகத்தின் அலகு) என்று வைத்துக்கொள்வோம். விமானம் 148-ல் ஏறும்போது எஞ்சின் நின்றால், இரண்டு விமானத்திலும், மூக்கை எவ்வளவு தூக்குவது என்று விமானிக்குத் திரையில் வழிகாட்டும் ஃப்ளைட் டைரக்டர் அந்த 148-ஐயே பிடித்துக்கொள்ளச் சொல்லும். 158-ல் நின்றால் ஏ320 வி-2-க்கு மேல் 15 வரைதான் விடும், அதனால் 155-க்கு இறக்கும். 737-க்கு 20 வரை சம்மதம், 158-லேயே இருக்கும்.

பாதை விஷயத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. ஒற்றை எஞ்சினில் ஏற்றம் மெதுவாகிவிடும், மலை இருக்கும் ஊர்களில் வழக்கமான பாதையில் போக முடியாது. அதற்கென்று தனிப்பாதை வகுத்துத் தரவுத்தளத்தில் ஏற்றியிருந்தால், ஏ320-ன் கணினி எஞ்சின் நின்றதைத் தானே உணர்ந்து அந்தப் பாதையைத் திரையில் மஞ்சள் கோடாகக் காட்டும். ஆனால் அதில் தானாகத் திரும்பாது. விமானி ஏற்றுக்கொண்ட பிறகே அது நடப்புப் பாதையாகும்.

737 என்ஜி வகையின் கணினி இப்படி எதையும் நீட்டாது. கணினித் திரையில் ஏற்றத்துக்கான பக்கத்தைத் திறந்து, நின்றது இடதா வலதா என்று விமானியே தெரிவு செய்ய வேண்டும். அப்போதும் வருவது ஒற்றை எஞ்சினுக்கான வேகம், எட்டக்கூடிய உயரம் முதலான தகவல்தான், அதை அப்படியே செயல்படுத்த முடியாது. அதே போயிங்கின் 777, தனிப்பாதையைத் தானே மாற்றமாக ஏற்றிக் காட்டுவதோடு, ஒருபக்கம் இழுப்பதைச் சமாளிக்க ரட்டரையும் (வாலில் உள்ள திசைதிருப்பும் பலகை) ஓரளவு திருப்பிக் கொடுக்கிறது. அப்புறம் 737 ஏன் இன்னும் இப்படி என்ற வருத்தம் எனக்கு உண்டு.

என் ஓட்டு ஏ320-க்கு. கை, கால், கண் மூன்றும் வேலையாக இருக்கும் நேரத்தில் வழியை எடுத்து முன்னால் வைத்துவிட்டு, முடிவை மனிதரிடம் விடுகிறது. ஆனால் ஒன்று: பாதை பிரியும் இடத்தைத் தாண்டிய பிறகு எஞ்சின் நின்றால் அந்த மஞ்சள் கோடு வராது.

வாகைக்குளத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கிழக்கே ஏறினால் தூத்துக்குடி, தாண்டினால் கடல். மேற்கே பொதிகை வெகுதூரம். மலை நடுவே உள்ள ஊரில்தான் தெரியும். அதனால்தான் எந்த விமானமானாலும், எஞ்சின் நின்றால் எப்பக்கம் திரும்புவது என்று புறப்படும் முன்பே விமானிகள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்கிறார்கள். மஞ்சள் கோடு வராத இடத்தில் ஏ320 விமானிக்கும் அந்தப் பேச்சுதான் கைகொடுக்கும்.