மிச்ச ஸ்பீக்கர் வயர்: வெட்டுவதா, சுருட்டுவதா, மடித்து வைப்பதா?

எங்கள் வாடகை வீட்டு ஹாலில் இடது ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்கிறது. வலது ஸ்பீக்கருக்கு வயர் கதவு நிலையைச் சுற்றிப் போக வேண்டும், அதற்கு 7.5 மீட்டர் ஆகிறது. இரண்டுக்கும் 8 மீட்டர் வாங்கினேன். இடது பக்கம் 5 மீட்டர் அப்படியே மிச்சம். அதை வெட்டவில்லை, வெட்டப் போவதும் இல்லை. முன்பு வெட்டிப் பார்த்தவன் என்பதால்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

வெட்டுவதில் உள்ள நன்மை கண்ணுக்கே தெரியும். பின்னால் குப்பை இல்லை, பெருக்கும்போது துடைப்பத்தில் எதுவும் மாட்டாது. வயர் குட்டையானால் மின்தடை குறையும், ஒலிக்கும் நல்லது என்று ஒரு காரணம் சொல்வார்கள். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.008 ஓம் மின்தடை. போக வர இரண்டு கம்பி என்பதால் 8 மீட்டர் வயருக்கு 0.13 ஓம், 3 மீட்டருக்கு 0.05 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இந்த வித்தியாசம் பத்தில் ஒரு டெசிபெல்லுக்கும் குறைவு, காதுக்குத் தெரியாது. வயரின் தடை ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்துக்குள், அதாவது 0.4 ஓமுக்குள் இருந்தால் போதும் என்பது பரவலான கணக்கு. நாம் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருந்தால்தான் ஒலி ஒன்றாக வந்து சேரும் என்பதும் அப்படித்தான். 5 மீட்டர் வயரைக் கடக்க மின்சாரத்துக்கு ஆகும் நேரத்தை நானோ நொடியில் எண்ண வேண்டும். நாற்காலியை ஒரு விரற்கடை நகர்த்தினால் அதைவிடப் பல மடங்கு வித்தியாசம் வந்துவிடும்.

மெல்லிய வயர் என்றால் கதை வேறு. 1 ஸ்கொயர் வயரில் அதே 8 மீட்டர் 0.3 ஓமைத் தாண்டும். 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு அது அதிகம். மிச்சம் விடுவதாக இருந்தால் தடித்த வயராக வாங்குங்கள். வாங்கும்போது ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். தடையும் கூடுதல், மடித்து மடித்து நிமிர்த்தினால் சீக்கிரம் முறிந்தும் போகும்.

சரி, சுருட்டி வைப்பது? சுருட்டினால் அது காயில், அதாவது காந்தப்புலம் உண்டாக்கும் கம்பிச்சுருள் ஆகிவிடும், பாஸ் என்னும் கனத்த ஒலி போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஸ்பீக்கர் வயரில் இரண்டு கம்பியும் ஒட்டியே ஓடுகின்றன. ஒன்றில் மின்சாரம் போகும்போது மற்றதில் எதிர்த் திசையில் வருகிறது. ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது பெரும்பாலும் அழித்துவிடும். அதனால் வட்டமாகச் சுருட்டினாலும் பாட்டுக்குக் கேடில்லை. கேடு வயருக்குத்தான். ஒரே பக்கமாகச் சுற்றிய வயர் முறுக்கேறிக் கிடக்கும். ஒரு மாதம் கழித்து இழுத்தால் சிக்கு விழும். கச்சேரி மேடையில் கேபிள் சுருட்டுபவர்களைக் கவனித்தால் தெரியும்: ஒரு சுற்று நேராக, அடுத்த சுற்றை உள்பக்கமாகத் திருப்பிப் போடுவார்கள். அப்படிச் சுற்றப் பழகியிருந்தால் தாராளமாகச் சுருட்டலாம்.

நான் செய்வது மடிப்பு. ஒரு முழ நீளத்துக்குப் பாய்போல இப்படியும் அப்படியும் மடித்து, நடுவில் வெல்க்ரோ பட்டையால் தளர்வாகக் கட்டி, டிவி ஸ்டாண்டின் பின்பலகையில் ஒரு கொக்கியில் மாட்டிவிட்டேன். தரையில் எதுவும் இல்லை, துடைக்கும் ஈரமும் படாது. பிளாஸ்டிக் கேபிள் டை வேண்டாம். இறுக்கிவிட்டால் அவிழ்க்கக் கத்திரிதான் எடுக்க வேண்டும், உறையும் சேர்ந்து அறுபடும்.

இந்த முடிவுக்கு என்னைத் தள்ளியது வீடு மாறியதுதான். பழைய வீட்டில் இடதுக்கு 2, வலதுக்கு 4 மீட்டர் என்று அளந்து கச்சிதமாக வெட்டியிருந்தேன். பார்க்க அவ்வளவு அழகு. இங்கே வந்தபோது பிளக் பாயிண்ட் எதிர்ச்சுவரில் இருந்தது. ஆம்ப்ளிஃபயர் அந்தப் பக்கம் போனது, இரண்டு வயரும் எட்டவில்லை. கையிலிருந்த துண்டுகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டுப் போட்டேன். மழைக்காலம் வந்ததும் டேப்பின் பசை இளகி ஒட்டு தளர்ந்தது, செம்பு கறுத்தது. ஒரு இரவு தம்புரா சுருதிக்கு நடுவில் வலது பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். ஸ்பீக்கரே போய்விட்டது என்று பயந்து, அதைக் கழற்றி இடது பக்கம் மாட்டிப் பார்த்து, ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகப்பட்டு, கடைசியில்தான் ஒட்டுக்கு வந்தேன். நல்லவேளை, இழைகள் பிரிந்து ஒன்றையொன்று தொடவில்லை. தொட்டிருந்தால் ஷார்ட் ஆகி ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட்டே போயிருக்கக்கூடும்.

சால்டர் வைத்து, மேலே சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டால் ஒட்டு நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்கள் அடுத்த ஹாலின் அளவை இன்றைக்கே எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டுக்கு ஒரு ஒட்டு என்று போட்டுக்கொண்டே போக முடியாது. நீள வயரை மடித்து வைக்கலாம், வெட்டிய வயர் வளராது. விற்கப் போனாலும் அப்படியே: முழு நீள ஜோடியைக் கேட்பார்கள், 2 மீட்டரும் 4 மீட்டருமாக இருக்கும் துண்டுகளை யாரும் கேட்பதில்லை.

இவ்வளவும் ஸ்பீக்கர் வயருக்கு மட்டும். பவர் கார்டை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரோடு அது இணையாக ஓடினால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் உள்ளே வர வாய்ப்பு உண்டு. கடந்துதான் ஆக வேண்டும் என்றால் குறுக்காகக் கடக்கட்டும். ஆர்சிஏ, எச்டிஎம்ஐ எல்லாம் முனையோடு வருபவை, வெட்டும் பேச்சே இல்லை, தேவையான நீளத்தில் வாங்கிவிடுவது மேல். ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிளைக் கூர்மையாக மடிக்கவே கூடாது. ஐந்து ஸ்பீக்கர் வைத்த வீட்டில் நான் இருந்ததில்லை. அத்தனை வயரையும் மடித்துத் தொங்கவிட்டால் ஸ்டாண்டின் பின்புறம் தாங்குமா என்பதை அப்படி வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சொந்த வீடு, சுவருக்குள் பைப் போட்டு வயர் இழுக்கிறீர்கள் என்றால் நானும் வெட்டத்தான் சொல்வேன். அங்கே ஸ்பீக்கரின் இடம் மாறப் போவதில்லை, மிச்சத்தை வைக்கவும் இடமில்லை. ஆனால் இரண்டு முனையிலும் ஒரு முழம் விட்டு வெட்டுங்கள். கடலோர ஊர்களில் திறந்த செம்பு சீக்கிரம் கறுத்துவிடும். அவ்வப்போது நுனியில் ஒரு அங்குலம் நறுக்கி, புதிதாக உறை சீவி, மறுபடி மாட்ட அந்த முழம் வேண்டியிருக்கும்.