52எக்ஸ் டிரைவும் கடல் காற்றும்: ராயபுரத்தில் பல வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

சிடி காலம் முடிந்துவிட்டது என்பார்கள். ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரை எந்த வீட்டுப் பீரோவைத் திறந்தாலும் ஒரு கட்டு சிடி கிடைக்கும்: கல்யாண போட்டோ, ஸ்கேன் சென்டர் கொடுத்த எம்ஆர்ஐ, கடைக் கணக்கின் டேலி பேக்கப், 150 பாட்டு அடைத்த எம்பி3. இன்றைக்கு டிரைவ் தேவைப்படுவது இவற்றைப் படிக்கத்தான். அந்த வேலைக்கு மூன்று வகை டிரைவ்களை மாற்றி மாற்றி ஓட்டியதில் தெரிந்தவை இவை. ஒன்று, யுஎஸ்பி அடாப்டரில் மாட்டிய பழைய 52எக்ஸ் ஐடிஇ (அகலமான தட்டைக் கேபிள் வகை) சிடி-ராம். இன்னொன்று, டெஸ்க்டாப்பின் சாட்டா (அதற்குப் பின் வந்த ஒல்லிக் கேபிள் வகை) டிவிடி ரைட்டர். மூன்றாவது, யுஎஸ்பியில் செருகும் ஒல்லி டிரைவ்.

முகப்பில் அச்சடித்த 52எக்ஸ் பொய்யில்லை. ஆனால் டிஸ்க்கின் கடைசி விளிம்பில் மட்டும்தான் அது உண்மை. 1எக்ஸ் என்றால் நொடிக்கு 75 செக்டர் (செக்டர் என்பது தரவின் ஒரு துண்டு), செக்டருக்கு 2,048 பைட், ஆக 150 கேபி. 52எக்ஸ் என்றால் 7,800 கேபி. இந்த டிரைவ்கள் டிஸ்க்கை எப்போதும் ஒரே சுழற்சி வேகத்தில், நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல், சுற்றுகின்றன. தரவு நடுவில் 25 மில்லிமீட்டர் ஆரத்தில் தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடிகிறது. உள்ளே ஒரு சுற்றில் கிடைக்கும் தரவு குறைவு, வெளியே அதிகம். அதனால் தொடக்கத்தில் வேகம் 22எக்ஸ்தான். இன்னொரு கணக்கும் போடலாம். 33 மில்லிமீட்டர் அகலத்தில், 1.6 மைக்ரான் இடைவெளியில் ஏறத்தாழ 20,600 சுற்று. நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்று என்றால் முழு சிடியையும் படிக்க இரண்டு நிமிஷம் சொச்சம். நல்ல டிஸ்க்கில் ஐந்து நிமிஷம் எடுக்கும் 52எக்ஸ் டிரைவில் ஏதோ கோளாறு இருக்கிறது.

சோதனைக்கு எடுக்கும் டிஸ்க் விளிம்பு வரை நிரம்பியிருக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். 100 எம்பி மட்டும் எழுதிய சிடியைப் போட்டுவிட்டு, '52 என்றார்கள், 26கூடத் தாண்டவில்லை' என்று டிரைவைத் திட்டினால் அது டிரைவின் குற்றமில்லை. கம்பெனியில் அச்சான, 650 எம்பிக்கு மேல் நிரம்பிய, கீறலில்லாத ஒரு டிஸ்க்கை இதற்கென்றே எடுத்து வையுங்கள். கடைசி வரை அதே டிஸ்க்தான். டிஸ்க்கை மாற்றினால் பழைய அளவோடு ஒப்பிட முடியாது.

விண்டோஸில் நீரோவின் டிஸ்க்ஸ்பீட் மென்பொருள் வேகத்தைக் கோடு போட்டுக் காட்டிவிடும். லினக்ஸில் டிடி (dd) கட்டளை போதும். பிளாக் அளவு 2,048 வைத்து, மூன்று இடங்களில் 15,000 செக்டர் வீதம் படிக்க வேண்டும்: தொடக்கத்தில், 150,000 செக்டர் தள்ளி, கடைசியாக டிஸ்க் இடம்கொடுத்தால் 330,000 தள்ளி. 52எக்ஸ் டிரைவில் இந்த மூன்றும் சுமார் 3,300, 5,600, 7,500 கேபி வர வேண்டும். (டிடி 1,000 கணக்கில் சொல்லும், எக்ஸ் என்பது 1,024 கணக்கு. 2.4 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தால் டிரைவ் திடீரென்று திறமைசாலி ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.) டிஸ்க் உள்ளே போனதும் உடனே ஓட்டக்கூடாது. ஒருமுறை சும்மா கொஞ்சம் படிக்கவிட்டு, மோட்டார் முழு வேகம் பிடித்த பிறகு அளக்க வேண்டும். இரண்டாம் முறை அளப்பதற்கு முன் டிரேயைத் திறந்து மூடுங்கள். இல்லாவிட்டால் கணினி தன் நினைவகத்தில் இருப்பதையே திருப்பிக் கொடுத்து, 300எக்ஸ் என்று ஒரு அதிசயத்தைக் காட்டும்.

எண்ணைவிடக் கோட்டின் வடிவம் அதிகம் பேசும். இடமிருந்து வலமாகச் சீராக ஏறினால் கவலையில்லை. தொடக்கத்திலிருந்தே ஏறாமல் தரைபோல் படுத்திருந்தால் டிரைவைத் தொடவே வேண்டாம், கோளாறு வழியில் இருக்கிறது. 1,000 கேபி பக்கத்தில் படுத்தால் பழைய யுஎஸ்பி 1.1 போர்ட். 3,300 பக்கத்தில் படுத்தால் ஐடிஇ சேனல் டிஎம்ஏ (தரவு நேராக நினைவகத்துக்குப் போகும் வேக வழி) போய் பிஐஓ (பிராசஸரே அள்ளிப்போடும் மெதுவான வழி) முறையின் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி ஆறு பிழை சேர்ந்தால் தானாகவே படிப்படியாக இறக்கிவிடும், தானாக ஏற்றாது. டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு மறுபடி பூட் செய்தால் டிஎம்ஏ திரும்பும். ஒரு வாரத்தில் மறுபடி இறங்கினால் கேபிளை மாற்றுங்கள். கடலோரத்தில் அந்த 40 பின்களில் பாசி படிந்த மாதிரி மங்கல் வந்திருக்கும்.

கோடு ஓரிடத்தில் மட்டும் பள்ளமாக விழுந்தால் டிஸ்க்கில் கீறல். எந்த டிஸ்க் போட்டாலும் அதே இடத்தில் விழுந்தால் லென்ஸைச் சுமந்து நகரும் வண்டி ஓடும் கம்பியில் துரு. பாதியில் விழுந்து அப்படியே கீழே இருந்துவிட்டால், டிரைவ் பயந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டது என்று அர்த்தம். டிரேயைத் திறந்து மூடும்வரை பல டிரைவ்கள் பழைய வேகத்துக்கு வராது.

வேகம் எல்லாம் சரி. கெட்ட டிஸ்க்கை எது படிக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. அதற்கு இரண்டு சோதனை. முதலாவது, அழித்து எழுதக்கூடிய ரீரைட்டபிள் சிடி, சுருக்கமாக ஆர்டபிள்யூ. அச்சிட்ட சிடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், ஆர்டபிள்யூ சிடி 15 முதல் 25 சதவீதம்தான். லென்ஸில் தூசு படிந்தாலோ லேசர் வயதானாலோ டிரைவ் முதலில் கைவிடுவது இந்த டிஸ்க்கைத்தான். சாதா சிடி ஜோராக ஓடும், ஆர்டபிள்யூ போட்டால் விளக்கு இமைத்துக்கொண்டே இருக்கும், கடைசியில் 'டிஸ்க் இல்லை' என்று வரும். சாதா டிஸ்க்கும் படிக்காமல் போவதற்குப் பல மாதம் முன்பே இந்த அறிகுறி வந்துவிடும். லென்ஸைத் துடைக்க வேண்டிய நேரமும் அதுதான்.

இரண்டாவது, டேப் சோதனை. போனாலும் கவலையில்லாத, ஆனால் நன்றாகப் படிக்கும் டிஸ்க் ஒன்றின் பளபள பக்கத்தில், கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஸ்கேல் வைத்து பிளேடால் 1 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சீவி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி 15 மில்லிமீட்டர் நீளம் ஒட்ட வேண்டும். சிடியின் பிழைதிருத்த முறை, தடத்தில் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் வரை அறுந்த தரவை முழுதாக மீட்கும். அதனால் 1 மில்லிமீட்டர் டேப்பை நல்ல டிரைவ் கண்டுகொள்ளவே கூடாது. 2 மில்லிமீட்டர் டேப்பில் தடுமாறும், 4இல் நின்றுவிடும். 1 மில்லிமீட்டரிலேயே திணறினால், டேப்பைத் தாண்டியதும் லென்ஸ் தடத்தைத் திரும்பப் பிடிக்கத் தெரியாமல் அலைகிறது. இந்தச் சோதனையை 8எக்ஸுக்கு மேல் ஓட்டாதீர்கள், டேப் பிய்ந்து லென்ஸில் ஒட்டினால் வேலை முடிந்தது. டேப்புக்குப் பதில் மார்க்கரில் கோடு போடலாமே என்று தோன்றும். சில மார்க்கர் மை நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. சிடி லேசரின் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்கு அது கண்ணாடி.

மூன்று வகையில், கெட்ட டிஸ்க்கை மீட்பதில் சாட்டா டிவிடி ரைட்டருக்குத்தான் எங்கள் ஓட்டு. 52எக்ஸ் சிடி-ராம் நல்ல டிஸ்க்கில் முந்தும், கீறல் வந்தால் முரண்டு பிடிக்கும். ஒல்லி டிரைவுக்கு உச்சமே 24எக்ஸ், அதாவது 3,600 கேபி. நல்ல டிஸ்க்குக்கு அது போதும், மற்றதற்கு வேண்டாம். எதுவானாலும் கெட்ட டிஸ்க் என்றால் முதலில் வேகத்தை 8எக்ஸுக்கோ 4எக்ஸுக்கோ பூட்டுங்கள். பத்தாயிரம் சுற்றில் டிஸ்க் மேலும் கீழும் ஆடும்போது லென்ஸால் ஈடுகொடுக்க முடியாத கீறலை, மெதுவாகச் சுற்றும்போது அதே லென்ஸ் கடந்துவிடும். டிவிடி ரைட்டரில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அதில் சிடிக்கும் டிவிடிக்கும் தனித்தனி லேசர். டிவிடி படம் ஓடுகிறது என்பதால் சிடியும் ஓடும் என்று அர்த்தமில்லை.

மின்சாரம் பற்றிக் கொஞ்சம். ஒல்லி டிரைவ் சுற்றத் தொடங்கும் அந்த ஓரிரு நொடியில் 1 ஆம்பியர் வரை இழுக்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்க வேண்டியது அரை ஆம்பியர்தான். 'டிக் டிக்' என்று சத்தம் போட்டு, கணினியிலிருந்து காணாமல் போய்த் திரும்பி வந்தால் டிரைவ் கெடவில்லை, பசி. கேபினட்டின் முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்கம் மாட்டுங்கள், அல்லது இரண்டு தலை உள்ள ஒய் கேபிள் வாங்குங்கள். டெஸ்க்டாப் டிரைவுக்கு மஞ்சள் வயரில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட். மீட்டரை வைத்துக்கொண்டே டிரேயை மூடுங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் 11.4க்கோ 4.75க்கோ கீழே போனால் பவர் சப்ளைதான் குற்றவாளி.

இனி இந்த ஊருக்கே உரிய வியாதிகள். காசிமேட்டுப் பக்கம் ஜன்னல் திறந்த அறையில் இருக்கும் டிரைவுக்கு உப்புக் காற்று, எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் இருந்தால் கன்டெய்னர் லாரிப் புழுதி. இரண்டும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் மெழுகாகிவிடும். திறக்கும் முறை: மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, முகப்பின் ஊசித் துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை விட்டு டிரேயை வெளியே எடுங்கள். டிரேயின் முகப்புத் தகட்டை மேலே தள்ளிக் கழற்றி, அடியில் உள்ள நான்கு ஸ்குரூவை எடுத்தால் மூடி வரும். லென்ஸ் வண்டியைத் தாங்கும் இரண்டு எஃகுக் கம்பியை விரலால் தடவிப் பாருங்கள். மணல் மாதிரி நெருடினால் துரு. மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தில் துணியை நனைத்துத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டைத் துணியில் விட்டு ஒற்றினால் போதும். தேங்காய் எண்ணெய் விட்டவர்கள் உண்டு. இரண்டு மாதத்தில் அது பிசின். பற்சக்கரத்துக்கு அரிசி அளவு வெள்ளை கிரீஸ். வண்டியைக் கையால் தள்ளாதீர்கள், பற்சக்கரத்தைச் சுற்றி நகர்த்துங்கள்.

லென்ஸுக்குப் பஞ்சுக் குச்சியில் அதே ஐபிஏ, அழுத்தாமல் ஒரு சுற்று. தின்னர் பட்டால் லென்ஸ் மங்கிவிடும், அது பிளாஸ்டிக். லேசரின் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்குரூ தெரியும், அதைத் திருகினால் டிரைவ் உயிர்பெறும் என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். பெறும், கொஞ்ச நாளைக்கு. லேசரின் மின்னோட்டத்தைக் கூட்டித்தான் அது நடக்கிறது, அந்த வேகத்தில் மிச்ச ஆயுளும் கரைந்துவிடும். பார்ட்டி அவசரமாகக் கேட்கும் ஒரே ஒரு சிடியைப் படித்துவிட்டுத் தூக்கிப்போடப் போகிறோம் என்றால் மட்டும் செய்யலாம். மூடி திறந்த டிரைவுக்கு மின்சாரம் கொடுத்து உள்ளே எட்டிப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும்.

டிரே திறக்க மறுத்தால் பெரும்பாலும் பெல்ட். ரப்பர் தளர்ந்திருக்கும். கழற்றிக் கொதிநீரில் ஐந்து நிமிஷம் போட்டால் சுருங்கிச் சில வாரம் ஓடும், அதற்குள் புது பெல்ட் தேடிக்கொள்ளலாம். ஏசி அறையிலிருந்து டிரைவை வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஈரம் பூக்கும். அரை மணி நேரம் சும்மா வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்டுடியோக்காரர்கள் கல்யாண சிடியின் மேல் ஒட்டிய மணமக்கள் ஸ்டிக்கர் பெரிய தலைவலி. ஒரு பக்கம் காற்று புகுந்து உப்பியிருந்தால் முழு வேகத்தில் மேஜையே அதிரும். பிய்க்காதீர்கள். சிடியின் தரவுப் படலம் இருப்பது மேல்பக்க வார்னிஷுக்கு அடியில்தான், ஸ்டிக்கரோடு கல்யாணமே கையோடு வந்துவிடும். 4எக்ஸில் பூட்டிப் படியுங்கள். நடு ஓட்டையைச் சுற்றி முடி மாதிரி விரிசல் தெரியும் டிஸ்க்கை 52எக்ஸ் டிரைவில் போடவே வேண்டாம். பத்தாயிரம் சுற்றில் அது உள்ளேயே வெடித்துத் தூளாகும்.

காயலான் கடையில் டிரைவ் வாங்கும்போது, 'லைட் எரியுது, டிரே வருது, வேற என்ன வேணும்ணே?' என்பார்கள். ஓர் ஆர்டபிள்யூ சிடி, யுஎஸ்பி அடாப்டர், அதன் பவர் பிரிக் மூன்றையும் பையில் எடுத்துப் போங்கள். ஆர்டபிள்யூவைப் பதினைந்து நொடிக்குள் அடையாளம் கண்டு, டிரே ஐந்து முறை தடையில்லாமல் வந்துபோனால் வாங்கலாம். வீட்டுக்கு வந்ததும் மூன்று இடங்களில் அளந்த அந்த மூன்று வேக எண்ணையும் தேதியோடு மாஸ்கிங் டேப்பில் எழுதி மூடியில் ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், ஐப்பசி கார்த்திகை மழை முடிந்ததும் ஒருமுறையும் அளங்கள். மூன்றாவது எண் மட்டும் சரிந்தால் டிஸ்க்கைப் பிடிக்கும் மேல் கவ்வியைத் துடைத்து, டிஸ்க் ஆடுகிறதா என்று பாருங்கள். மூன்றும் சேர்ந்து சரிந்தால் முதலில் கேபிள், பிறகு லென்ஸ்.